நாளைய சோற்றை இன்றே கேட்பவர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் கொண்டும் கொடுத்தும் கலந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்து, எல்லாரும் சேர்ந்து இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது குரல்கள் சில இடங்களில் பிரிந்துவிடும். கத்தோலிக்கர் அதைப் பரலோக மந்திரம் என்பார்கள்; மெதடிஸ்ட், லுத்தரன் சபைக்காரர்களுக்கு அது பரமண்டல ஜெபம். குரல் பிரியும் மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் நடை வேறுபாடுதான் காரணம். உணவு கேட்கும் இடத்தில் அப்படி அல்ல. கத்தோலிக்கர் 'அனுதின' உணவைக் கேட்கிறார்கள். பழைய புரோட்டஸ்டண்ட் வேதாகமத்தில் வளர்ந்தவர்கள் 'வேண்டிய' ஆகாரத்தைக் கேட்கிறார்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தேவையான' என்கிறது. அனுதினம் என்றால் காலம். வேண்டியது என்றால் அளவு. காலத்தைக் கேட்பதும் அளவைக் கேட்பதும் ஒன்றல்ல.

இரண்டுக்கும் கீழே இருப்பது ஒரே கிரேக்கச் சொல்: எபியூசியோஸ். மத்தேயு 6:11-இலும் லூக்கா 11:3-இலும் வருகிறது. இவை தவிர, 'திதகே' என்ற பழைய சபைக் கையேட்டில் இதே ஜெபத்தை எடுத்தெழுதும் இடத்தில் வருகிறது. அந்தக் கையேட்டின் பிரதியை 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிலோதேயோஸ் பிரையேனியோஸ் கண்டெடுத்து 1883-இல் வெளியிட்டார். மூன்றும் ஒரே ஜெபம்தான். ஜெபத்துக்கு வெளியே, அதற்கு முந்தைய கிரேக்கத்தில், ஒரு கவிதையிலோ கணக்கிலோ கடிதத்திலோ இந்தச் சொல் உறுதியாகக் கிடைத்ததில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகென் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார்: அறிஞரும் இதைப் பயன்படுத்தவில்லை, தெருவில் பேசுகிறவர்களும் பயன்படுத்தவில்லை, நற்செய்தி எழுதியவர்களே உண்டாக்கியிருக்க வேண்டும் என்று. கிரேக்கமே தாய்மொழியாக, அந்த நூல்கள் எழுதப்பட்டு இருநூறு ஆண்டுக்குள் வாழ்ந்தவர் சொன்ன சாட்சி அது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தினமும் சொல்லும் ஜெபத்தின் நடுவில், பொருள் உறுதியாகத் தெரியாத ஒரு சொல் இருக்கிறது.

வெளிச்சாட்சி கிடைத்துவிட்டது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் ஹவாராவில் தோண்டியெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில் ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கு. ஏ. எச். சேஸ் 1889-இல் அதைப் படித்து வெளியிட்டபோது, ஒரு வரியில் இந்தச் சொல்லின் முன்பாதி இருப்பதாகக் குறித்தார். அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் படி, கூலியாளுக்கும் அடிமைக்கும் படைவீரனுக்கும் அளந்து போடும் பங்கு, அதுவே பொருள் என்று வாதம் எழுந்தது. பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏடு காணாமல் போய்விட்டது. பல பத்தாண்டுகள் யாரும் அதைச் சரிபார்க்க முடியவில்லை. அகராதிகள் சேஸை நம்பியே எழுதிக்கொண்டிருந்தன. கடைசியில் அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் அகப்பட்டது. நைமன், வோர்ப் என்ற இருவர் அதை மறுபடி படித்து 1999-இல் முடிவைச் சொன்னார்கள்: அந்த இடத்தில் இருப்பது 'எண்ணெய்' என்ற சாதாரணச் சொல். நூற்றுப்பத்து ஆண்டு நின்ற ஒரு சாட்சி இப்படி எண்ணெய்ச் செலவாக முடிந்தது. எபியூசியோஸ் மறுபடியும் தனிச்சொல் ஆனது.

ஆகவே சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அங்கே மூன்று பாதைகள் உள்ளன.

முதல் பாதை, 'ஊசியா' என்ற சொல்லிலிருந்து வருவது. ஊசியா என்றால் இருப்பு, உள்பொருள். 'எபி' என்ற முன்னொட்டு அதோடு சேர்ந்தால் 'உயிர் இருப்பதற்கு வேண்டிய' என்று ஆகும். ஓரிகென் இந்த வழியில்தான் போனார். ஆனால் அவருக்கு அது ஆன்மாவின் இருப்புக்கு வேண்டிய உணவு. ஜெரோம் இதை இன்னும் மேலே கொண்டுபோனார். 383, 384 வாக்கில் போப் டமாசஸின் ஏவலால் லத்தீன் நற்செய்திகளைத் திருத்தியபோது, மத்தேயுவில் மட்டும் 'பொருளுக்கு மேற்பட்ட' என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லைக் கட்டினார். லூக்காவில் அதே கிரேக்கச் சொல்லுக்குப் பழைய லத்தீன் வழக்கான 'அன்றாட' என்பதை அப்படியே விட்டுவிட்டார். ஒரே சொல்லுக்கு ஒரே ஆள் இரண்டு மொழிபெயர்ப்பு தந்திருக்கிறார். ரோமச் சபையின் வழிபாட்டில் மக்கள் வாயில் நிலைத்தது 'அன்றாட' என்பதுதான். தமிழ்க் கத்தோலிக்கரின் 'அனுதின' அந்த வழியில் வந்தது. ஜெரோமின் உயர்ந்த சொல் நற்கருணையைப் பற்றிய போதனைக்கு வேராக நின்றது. எருசலேமின் சிரில், அம்புரோஸ் போன்றவர்களும் இந்த அப்பத்தைப் பீடத்தின் அப்பமாகவே விளக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் அந்த விளக்கத்தைக் கடுமையாகத் தள்ளினார். கடவுளிடம் வயிற்றுக்குக் கேட்பது தாழ்வு என்று நினைப்பதே தவறு என்பது அவர் கட்சி.

இந்த முதல் பாதைக்கு இலக்கண இடைஞ்சல் ஒன்று உண்டு. 'எபி' என்பதன் கடைசி உயிர், இன்னொரு உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு புணரும்போது கிரேக்கத்தில் பொதுவாகக் கெட்டுவிடும். வானம் என்ற 'ஊரானோஸ்' உடன் சேர்ந்தால் 'எபூரானியோஸ்' ஆகிறது, 'எபியூரானியோஸ்' ஆவதில்லை. அதே கணக்கில் ஊசியாவோடு சேர்ந்தால் 'எபூசியோஸ்' என்று வந்திருக்க வேண்டும். விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் விதிவிலக்கின் மேல் கட்டிய வீடு அது.

இரண்டாவது பாதை, 'இருக்கிற நாளுக்கான', அதாவது இன்றைய நாளுக்கான என்பது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மத்தேயுவில் ஏற்கெனவே 'இன்று' என்ற சொல் நிற்கிறது. இன்றைய உணவை இன்று தா என்று சொல்ல, மொழியிலேயே இல்லாத ஒரு சொல்லைப் புதிதாக உண்டாக்க வேண்டிய தேவை என்ன?

மூன்றாவது பாதை 'எபியூசா' என்பதிலிருந்து வருவது. வருகிற நாள், மறுநாள். இந்தச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஐந்து இடங்களில் மறுநாளையோ அடுத்த இரவையோ குறிக்க வருகிறது. அந்த நூலை எழுதியவர் லூக்காவே. இங்கே இலக்கண இடைஞ்சல் இல்லை. ஏனென்றால் நடுவில் நிற்கும் அந்த உயிர் வினைச்சொல்லின் சொந்த எழுத்து. லைட்ஃபுட் என்ற ஆங்கிலிக்கப் பேராயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழியை விரிவாக நிலைநாட்டினார். இதற்குப் பழைய துணையும் உண்டு: எபிரேயர் நற்செய்தி என்று தாம் குறிப்பிடும் நூலில் இந்த இடத்தில் 'மாஹார்' என்ற சொல் இருந்ததாகவும், அது நாளையைக் குறிப்பதாகவும் ஜெரோமே மத்தேயு உரையில் எழுதிவைத்திருக்கிறார். தாம் தேர்ந்த மொழிபெயர்ப்புக்கு எதிரான சான்றை மறைக்காமல் பதிந்துவைத்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

கிழக்கே சிரியாக் மொழிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பெஷித்தா மொழிபெயர்ப்பில் இது 'எங்கள் தேவைக்கான' அப்பம். ஒரு மொழிக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லாமலே, தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் வழியாக வந்த நம் 'வேண்டிய' ஆகாரம் அதற்கு மிக அருகில் நிற்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கிராணிமாராக வந்த மலையாளிகளில் சிரியாக் மரபுச் சபையினரும் இருந்தார்கள். பால்மரம் வெட்டும் தமிழரும் கணக்கெழுதும் அவர்களும், தனித்தனி வழியில் வந்து, ஒரே பொருளில் ஜெபித்திருக்கிறார்கள்.

கெடாவில் இந்தக் கேள்வியை நூலறிவுக்கு வெளியேயும் எடுத்துப் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்பேன். இந்த ஜெபத்தைத் தமிழில் இங்கே கொண்டுவந்தவர்களில் பெரும்பகுதி நாட்கூலிகள்.

தோட்டத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, மேற்பார்க்கும் தண்டல் நிரை காட்டி, வெளிச்சம் பரவுவதற்குள் பாதி மரங்கள் வெட்டியாக வேண்டும். காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். கோட்டில் சன்னமாகப் பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து நேராக வைத்து, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். இரவு மழை பெய்திருந்தால் கதை வேறு. பட்டை ஈரமாக இருக்கும். வெட்டினால் பால் கோட்டின் வழியே மங்கில் இறங்காமல் மரமெங்கும் பரவிக் கலைந்துவிடும். வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை, அல்லது வேறு சில்லறை வேலைக்குக் கிடைக்கும் குறைந்த கூலி. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்து வறட்சி மாதங்களில் மரம் இலை உதிர்க்கும். அப்போதும் பால் சுருங்கும். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கிய ரப்பர் வட்டாரங்களில் அரசு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது.

மழைக்கால மாலையில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து வடக்கே கறுத்து வரும் வானத்தைப் பார்க்கிற பெண்ணுக்கு, இன்றைய சோறு அடுப்பில் இருக்கிறது. அவள் கேட்கிற சோறு நாளையது. அது கிடைக்குமா என்பது இன்றிரவே முடிவாகிவிடும். நாளைய உணவை இன்று தா என்று கேட்பது அவளுக்குப் பேராசையும் இல்லை, புதிரும் இல்லை. நாட்கூலிக்காரரின் நேரான கணக்கு. வருகிற நாளுக்கான உணவு என்ற மூன்றாவது பாதையே சரி என்று நான் கொள்வதற்கு, இலக்கணத்துக்கு அடுத்தபடி, இது முக்கியக் காரணம். இயேசுவைச் சுற்றியிருந்த கலிலேயாவின் ஏழைகளும் இதே நிலையில் இருந்தவர்கள்தான். மத்தேயு 20-இல் திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலையில் போய்ச் சந்தையில் நிற்கிற கூலியாட்களைப் பேசி அழைத்துவருகிறான். ஒரு நாளுக்கு ஒரு தெனாரியு. கடைசி மணியில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுக்கிறான். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் கடைசியில் வந்தவன் வீட்டிலும் மறுநாள் அடுப்பெரிய அந்த ஒரு தெனாரியு வேண்டும். அதற்குக் குறைந்தால் பிள்ளைகள் பட்டினி. முதலாளி பார்த்தது அதை. இந்த உவமையை எபியூசியோஸுக்கான உரை என்றே நான் படிக்கிறேன்.

ஒரு தடை சொல்வார்கள். அதே ஆறாம் அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற போதனை வருகிறதே. நாளைய உணவைக் கேட்கச் சொல்லிவிட்டு நாளையை நினைக்காதே என்று எப்படிச் சொல்வார்? வனாந்தரத்து மன்னாவையும் காட்டுவார்கள். அன்றன்றைக்கு உரியதை மட்டும் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தது புழுத்து நாறியது. ஆகவே நாளைய உணவு என்பது மன்னாவின் பாடத்துக்கு விரோதம் என்பது வாதம்.

யாத்திராகமம் 16-ஐ முழுவதும் படித்தால் இந்த வாதம் நிற்காது. ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கான மன்னா வருகிறது. மறுநாள் ஓய்வுநாள், யாரும் வெளியே போய்ப் பொறுக்க வேண்டியதில்லை. அன்று வைத்தது நாறவில்லை, புழுக்கவில்லை. நாளைய உணவை இன்றே கொடுத்து மனிதனை ஓய்வாக உட்காரவைக்கிற கடவுள் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறார். பதுக்கி வைத்த நாளைக்கும் கொடுக்கப்பட்ட நாளைக்கும் உள்ள வேறுபாடு அது. நாளைய சோறு கையில் இருப்பவன்தான் நாளைக்காகக் கவலைப்படாமல் தூங்க முடியும். அந்தப் போதனையும் இந்த விண்ணப்பமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. யோவாக்கிம் ஏரேமியாஸ் போன்ற ஜெர்மன் அறிஞர்கள் அந்த 'நாளை'யைக் கடவுளின் ராஜ்யத்தின் பெருநாள் என்றும், கேட்பது அந்த விருந்தின் அப்பம் என்றும் விளக்கினார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வயிற்றைத் தாண்டிக் குதித்து அங்கே போய்விடக் கூடாது.

ஓய்வுநாளுக்கும் சோறு உண்டு என்ற இந்தக் கோரிக்கை, மலாயாவில் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் நீண்டநாள் கோரிக்கை மாதச் சம்பளம். மழை பெய்தாலும் மரம் இலை உதிர்த்தாலும் குடும்பத்துக்கு வருமானம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆறாம் நாள் மன்னாவைக் கேட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். அதற்குள் கெடாவின் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறி, பழைய லயத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணியின் தாமான் குடியிருப்புகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டன.

கூலி வந்தாலும் அது உணவாக வீடு சேரவில்லை என்பதும் கெடாவின் கதை. தோட்டத்துக் கள்ளுக்கடை சம்பளத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. 1947-இல் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்ததும், போலீஸ் மோதலில் முடிந்ததும் வரலாறு. அவர்கள் ஜெபக்கூட்டம் நடத்தவில்லை. கேட்டது மட்டும் பிள்ளைகளின் சோறு.

'வேண்டிய' என்ற மொழிபெயர்ப்பை இதனால் நான் குறைத்துச் சொல்லவில்லை. அது அளவைச் சொல்கிறது, அளவுக்கு வேதத்தில் வேர் உண்டு. நீதிமொழிகள் 30-இல் வறுமையும் வேண்டாம் செல்வமும் வேண்டாம் என்று வேண்டுகிறவன் தனக்குரிய பங்கை மட்டும் கேட்கிறான். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'படி' என்ற சொல்லைத் தேர்ந்திருக்கிறது. படியளக்கிறவன் என்று தெய்வத்தைச் சொல்வது தமிழ்நாட்டுக் கிராமத்து வழக்கு, எந்தச் சமயத்துக்கும் பொது. தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் அரிசி அளந்து கொடுத்து, அதைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த அரிசியில் பெரும்பகுதி ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து, பிறகு கப்பல்கள் நின்றபோது மரவள்ளிக் கிழங்கே ஆகாரமானது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற கெடாவின் வடக்குச் சமவெளி பக்கத்திலேயே இருந்தும், தெற்கே ரப்பர்த் தோட்டத்தில் பசி. அந்த ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போகப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். 'வேண்டிய' என்ற சொல்லை அன்று சொன்னவர்கள் அதன் முழுப் பாரத்தோடு சொல்லியிருப்பார்கள்.

லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், அனுதின அப்பம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, உணவு, உடை, வீடு, நிலம் என்று தொடங்கி நல்ல அரசாங்கம், நல்ல பருவம், நல்ல அயலார் வரைக்கும் கொண்டுபோகிறார். தரங்கம்பாடி மரபில் வந்த மலேசிய லுத்தரன் தமிழருக்கு இது பாடமாகவே வரும். நல்ல பருவம் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பால்மரத்தடியில் நின்றவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

உணவுக்கு அடுத்த விண்ணப்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மத்தேயுவின் கிரேக்கத்தில் அங்கே இருப்பது கடன் என்ற சொல்; பழைய தமிழ் வேதாகமம் அதைக் கடன் என்றே வைத்தது. அப்பத்துக்கு அடுத்து ஏன் கடன் என்று தோட்டத்து மளிகைக் கடையில் பற்று வைத்தவர் கேட்கமாட்டார். 555 என்று அட்டையில் அச்சடித்த சின்ன நோட்டில், அரிசி, பருப்பு, மீன்டின், மண்ணெண்ணெய் என்று மாதம் முழுவதும் எழுதிக்கொண்டு போவார்கள். சம்பளத்தன்று கழித்தபின் மிஞ்சுவது குறைவு, மிஞ்சாததும் உண்டு. உணவு தவறினால் கடன். கடன் ஏறினால் நாளைய உணவும் முன்கூட்டியே போய்விடும். இரண்டு விண்ணப்பங்களும் ஒரே நோட்டின் அடுத்தடுத்த பக்கங்கள். யாக்கோபு நிருபம் 5-இல், பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளின் காதில் விழும்படி கூக்குரலிடுகிறது என்பதும், உபாகமம் 24-இல் பொழுது சாயும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையும் இதே உலகத்தைச் சேர்ந்தவை.

ஜெபம் முழுவதும் பன்மை. எனக்கு என்று ஓர் இடத்திலும் இல்லை. பசித்தவனின் அப்பம்தான் உன் வீட்டில் மிஞ்சிக் கிடக்கிறது என்று நான்காம் நூற்றாண்டில் பசிலியு பிரசங்கித்ததன் சாரம், இந்தப் பன்மையிலிருந்தே வருகிறது. இன்று கெடாவின் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலை விடுதிகளிலும் நாளைய சோற்றை எண்ணிப் படுப்பவர்களில் பங்களாதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர் ஏராளம். நம் தாத்தா பாட்டிகளின் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். மலாய்க் கத்தோலிக்க ஜெபத்தில் இந்த இடத்தில் 'ரெசெக்கி' என்ற சொல் வருகிறது. இறைவன் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கியது என்ற பொருளில் இந்த நாட்டில் எல்லாச் சமயத்தாரும் புழங்கும் சொல். 'எங்களுக்கு' என்று சொல்கிறவர் யாரையெல்லாம் அதில் சேர்க்கிறார் என்பது கெடாவில் வெறும் இலக்கணக் கேள்வி அல்ல.

ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டி, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குக் கெடாத் தோட்டக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் போகின்றன. அங்கே நற்கருணைக்கு முன்பாக இந்த ஜெபம் சொல்லப்படுகிறது. ஜெரோமின் சொல்லுக்கு அங்கே உரிய இடம் இருக்கிறது. 1992-இன் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இந்த ஒரு சொல்லுக்குக் காலம், தேவை, நற்கருணை என்ற பொருள்களை எல்லாம் அருகருகே வைக்கிறது. பீடத்தின் அப்பமும் நாளைய அப்பம்தான். ஆனால் அந்த உயர்ந்த பொருளை மட்டும் ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்து, கூலியை விட்டுவிட்டால், பிள்ளைகள் பாதி ஜெபத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். அடுத்த முறை தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறவர்கள் மக்கள் வாயில் பழகிய 'வேண்டிய', 'அனுதின' என்பவற்றை மாற்ற வேண்டாம். மத்தேயு 6:11-க்கு அடியில் 'நாளைய உணவு என்றும் பொருள்கொள்ளலாம்' என்று ஒரு குறிப்பும், பக்கத்தில் யாத்திராகமம் 16, மத்தேயு 20 என்ற இரண்டு எண்களும் போட்டால் போதும்.